நோர்வேயில அண்ணா வீட்டு முகட்டுக்குள்ள வௌவால்: ஓட்டையை அடைக்கலாமா?

வாணி_வெள்ளவத்தை | யூன் 11, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் விசித்திரமானது, சிரிக்காதேங்கோ.

என்ர மூத்தண்ணா நோர்வேயின்ர வடக்கில, ட்ரொம்ஸ் பக்கம் இருக்கிறார். மீன் கொம்பனி வேலைக்கெண்டு போனவர், பிறகு உள்ளுக்க ஒரு ஆத்துப் பள்ளத்தாக்கில பழைய மரவீடு ஒண்டை வாங்கி அங்கேயே இருந்திட்டார். முந்தநாள் வட்ஸ்அப்பில ஒரு வீடியோ வந்தது. அங்க இரவு பன்னிரண்டரை மணியாம். எனக்குப் பாக்க எங்கட பின்னேரம் அஞ்சரை மாதிரிக் கிடந்தது. முகட்டுப் பலகைக்கும் சுவருக்கும் இடையில ஒரு விரல் போற அளவு வெடிப்பு. அதுக்குள்ளால கறுப்பா ஒண்டு சொட்டுற மாதிரிக் கீழ விழுந்து, நிலத்தில படமுந்தி விரிஞ்சு பறந்திட்டுது. பிறகு இன்னொண்டு. பிறகு மூண்டு ஒண்டாய்.

அண்ணி அண்டைக்கே நுரை அடிக்கிற டப்பா வாங்கி வச்சிட்டா, ஓட்டையை அடைக்க. அண்ணா என்னட்டைக் கேக்கிறார். எனக்குத் தெரிஞ்ச வௌவால் எங்கட லேனில மாமரத்துக்கு வாறது மட்டும்தான்.

அவ்வளவு குளிர் ஊரில வௌவால் எப்பிடி? யூனில அங்க இருட்டே வராதே, அப்ப உதுகள் எப்ப வெளிக்கிடும்? ஓட்டையை அடைக்கலாமா?

கொட்டாஞ்சேனை_ரவி | யூன் 11, இரவு 9.58

வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்து போனா நீயும் தொங்கு நானும் தொங்கு. அண்ணியையும் ஒருக்காத் தொங்கிப் பாக்கச் சொல்லுங்க.

பழைய_விலங்கியல்_டீச்சர் | யூன் 11, இரவு 10.25

ரவி தம்பி, பகிடி பிறகு.

வாணி, முதலில் அண்ணாவிடம் ஒன்று கேளுங்கள். அந்த வெடிப்புக்கு நேர் கீழே, சுவரோரமாகச் சிறிய கறுப்பு எச்சங்கள் கிடக்கிறதா? அரிசியை விடக் கொஞ்சம் சிறிதாக இருக்கும். இருந்தால் ஒரு குச்சியால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், கையால் வேண்டாம். கல்லுப் போல இறுகிக் கிடந்தால் எலி. தூளாக உதிர்ந்து, உள்ளே மினுமினுவென்று ஏதும் தெரிந்தால் வௌவால். அந்த மினுக்கம் அது தின்ற பூச்சிகளின் செட்டையும் ஓடும்.

அதுவரைக்கும் நுரை டப்பாவை அண்ணியிடமிருந்து வாங்கி ஒளித்து வைக்கச் சொல்லுங்கள்.

வாணி_வெள்ளவத்தை | யூன் 12, காலை 7.15

டீச்சர், உதிருதாம்! அண்ணா படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். தேயிலைத்தூளுக்குள்ள ஆரோ ஜிகினாவைக் கொட்டின மாதிரி இருக்கு. மாரி முழுக்க எலிப்பொறி வச்சுக்கொண்டு இருந்தவராம் மனுசன்.

பழைய_விலங்கியல்_டீச்சர் | யூன் 12, மாலை 6.50

நல்லது. அப்படியென்றால் அது பெரும்பாலும் வடபுல வௌவால். நோர்வேக்காரர் நூர்ட்ஃப்ளாகர்மூஸ் என்பார்கள். 'மூஸ்' என்றால் எலி, ஆகவே அண்ணா பொறி வைத்ததில் முழுப் பிழையும் இல்லை. எடை பத்துக் கிராம் அளவில், இரண்டரைத் தேக்கரண்டிச் சீனி. நம் மாமரத்துக்கு வருவது பழந்தின்னி, செட்டையை விரித்தால் ஒரு மீற்றருக்கு மேல். அதற்கும் இதற்கும் பெயரும் தொங்குவதும்தான் ஒற்றுமை. நம்முடையது கண்ணாலும் மூக்காலும் வழி தேடும். அண்ணா வீட்டுக்காரி நமக்குக் கேட்காத உச்சத்தில் கத்தி, எதிரொலியைக் கேட்டுப் பூச்சி பிடிப்பவள்.

காரி என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. கோடையில் வீட்டு முகட்டில் கூடுவது அநேகமாகப் பெண்கள் மட்டும். அது ஒரு பிரசவ விடுதி. ஆண்கள் வேறெங்கோ தனியாகக் கிடப்பார்கள். கூடல் முந்திய இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும். ஆணின் விந்தை மாரி முழுவதும் உடம்புக்குள் சேமித்து வைத்திருந்து, வசந்தத்தில் விழித்த பிறகுதான் பெண் கருத்தரிக்கும். (இந்த இடம் வரும்போது என் ஏ.எல். வகுப்பில் பின் வாங்கு எப்போதும் சிரிக்கும். முப்பது வருடம் அதே சிரிப்பு.) குட்டி ஒன்று, சிலவேளை இரண்டு. யூன் கடைசி, யூலையில் பிறக்கும். பிறந்து மூன்று நான்கு கிழமைக்குப் பறக்காது.

ஆகவே இப்போது அடைத்தால் தாய்மாரை உள்ளே வைத்துப் பூட்டுவீர்கள், அல்லது தாய் வெளியே, குட்டி உள்ளே. இரண்டு விதத்திலும் சாவுதான். போதாததற்கு நோர்வேயில் வௌவால் எல்லாமே சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. குட்டி உள்ள காலத்தில் தொடவே வேண்டாம்.

இருட்டுக் கேள்விக்கு நாளை எழுதுகிறேன். அதுதான் எனக்குப் பிடித்த பகுதி, அவசரமாக எழுத மனமில்லை.

நேர்ப்பேச்சு | யூன் 12, இரவு 8.05

நல்லாத்தான் இருக்கு. காலி வீதியில கரண்ட் வயரில கருகித் தொங்குற வௌவாலைப் பாத்திட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போறம். நோர்வேயில பத்துக் கிராம் வௌவாலுக்கு இழை திறந்து அழுறம். மற்றது, கொரோனா வந்ததே உதுகளாலதானே? வீட்டுக்க வச்சிருக்கிறது புத்தியே?

ஃபவாஸ்_வயர்மேன் | யூன் 12, இரவு 8.40

வயர் கதை வந்தபடியால சொல்றேன். நான் தெமட்டகொடயில இருந்து கரண்ட் வேலை செய்றவன். அந்தப் பெரிய வௌவாலுக்கு நடக்குறது இதுதான்: ஒரு வயர்ல மட்டும் தொங்கினா ஒண்டும் ஆகாது. செட்டைய விரிக்கேக்க மத்த வயரும் பட்டா முடிஞ்சுது. வயர் மேலுக்கும் கீழுக்குமா இழுத்திருக்கிற இடத்துலதான் கூட. ரோட்டோரம் பழ மரம் இருந்தா இன்னும் கூட. மூடின வயர் போட்ட லேன்ல நான் காணல்ல.

நோர்வே வௌவாலுக்கு அந்தப் பிரச்சினை வராது. ஒரு சாண் சாமான், ரெண்டு வயருக்கும் எட்டாது.

பழைய_விலங்கியல்_டீச்சர் | யூன் 13, மாலை 5.30

நேர்ப்பேச்சு, இரண்டையும் பற்றிக் கவலைப்படலாம், ஒன்றுக்கு ஒன்று குறுக்கே நிற்கவில்லை. நோய்ப் பயத்துக்கு நேரான பதில்: கொரோனா வைரஸின் நெருங்கிய உறவுகள் அகப்பட்டது ஆசியாவின் குதிரைலாட வௌவால்களில். அண்ணா வீட்டு முகட்டில் இருப்பது அந்தக் குடும்பமே இல்லை. ஆனால் ஐரோப்பிய வௌவால் சிலவற்றில் விசர்நாய் நோயின் உறவுக்கார வைரஸ் உண்டு. 1985இல் பின்லாந்தில் ஒரு வௌவால் ஆய்வாளர் அதனால்தான் இறந்தார். ஆகவே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தூக்கக்கூடாது, கடித்தால் ஊசி போட ஓட வேண்டும். முகட்டுக்குள் அது தன்பாட்டில் இருந்தால் கீழே படுத்திருப்பவருக்கு ஒன்றும் வராது.

இனி இருட்டு.

நமக்கு வருடம் முழுவதும் ஆறு, ஆறரைக்குப் பொழுது படும். கொழும்பு வௌவாலுக்குப் பதினொரு மணிநேர இருட்டு நிச்சயம், நாட்காட்டி பார்க்கத் தேவையில்லை. 69 பாகை வடக்கில் மே நடுப்பகுதியைத் தாண்டினால் யூலை கடைசிக் கிழமை வரை சூரியன் மறைவதே இல்லை. குட்டி சுமப்பதும், பெறுவதும், பால் கொடுப்பதும் அந்த இருட்டில்லாத இரண்டு மாதத்துக்குள்.

நோர்வேயில் அதே 69 பாகையில் ஆய்வாளர்கள் இருந்து பார்த்திருக்கிறார்கள். பூச்சி அதிகம் பறப்பது பகலில், வெயில் சூடு உள்ள நேரத்தில். வெளிச்சம் எப்படியும் இருக்கிறது, பகலிலேயே போய்த் தின்றால் என்ன என்று நமக்குத் தோன்றும். போவதில்லை. வெளிச்சம் மிக மங்கும் நள்ளிரவை ஒட்டிய சில மணிநேரத்துக்குத்தான் வெளிக்கிடும், அப்போது பூச்சி குறைவு. பகலில் போனால் வல்லூறு பார்க்கும், தகைவிலான்களோடு போட்டி போட வேண்டும். பறப்பதில் பறவையை வெல்ல வௌவாலால் முடியாது. பந்தி முடியும்வரை வாசலில் நின்று, இலை எடுக்கும்போது மிச்சத்துக்குப் போகிற மாதிரி.

அண்ணா வீடியோ எடுத்த நேரத்தையும் கவனியுங்கள். அந்தப் பக்கம் சூரியன் மிகத் தாழ நிற்பது கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது இல்லை, கிட்டத்தட்ட முக்கால் மணி கழித்து. பன்னிரண்டரைக்கு அவை வெளிக்கிட்டது சரியான கணக்கு.

குளிர் இரவில் பூச்சியே பறக்காவிட்டால் தாய் தன் உடம்பைக் குளிர விட்டு மரம்போலக் கிடக்கும். கொழுப்பு மிச்சம், ஆனால் வயிற்றுக் குட்டியின் வளர்ச்சியும் அத்தோடு பிந்தும். குட்டி பிந்தினால் மாரிக்கு முன் கொழுக்க நாள் காணாது. வடக்கில் வௌவாலைக் கொல்வது குளிர் மட்டும் இல்லை, நாள் காணாமல் போவதும்தான்.

வாணி_வெள்ளவத்தை | யூன் 13, இரவு 9.10

டீச்சர், இதை அப்பிடியே அண்ணாவுக்கு அனுப்பினனான். வாசிச்சிட்டு "நாங்களும் முதல் வருசம் உப்பிடித்தான், யன்னலுக்குக் கறுப்புப் பொலித்தீன் ஒட்டிப்போட்டுப் படுத்தனாங்கள்" எண்டு எழுதியிருக்கிறார். அண்ணி நுரை டப்பாவைக் குடுக்கமாட்டாவாம்.

நேர்ப்பேச்சு | யூன் 13, இரவு 10.30

டீச்சர், ஒரு சந்தேகம். வெளிச்சம் ஆகாது எண்டுறியள். ஆனால் நான் சின்னனில பாத்தது, லைட் போஸ்ட்டைச் சுத்தித்தான் வௌவால் பறக்கும். வெளிச்சத்துக்குப் பயமெண்டால் ஏன் அங்க வருது?

ஃபவாஸ்_வயர்மேன் | யூன் 13, இரவு 11.05

இதுக்கு நான் வாறேன். வாப்பா காலத்துல ரோட்டு லைட் எல்லாம் மெர்க்குரி. நீலம் கலந்த வெள்ளை, கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கதிரும் அதுல வரும். பூச்சிக்கு அதுதான் பைத்தியம். மழை விட்ட இரவுல போஸ்ட்டுக்கு அடியில ஈசல் செட்டை பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கும். பிறகு மஞ்சள் சோடியம் வந்துச்சு, அதுக்கு அவ்வளவு வராது. இப்ப எல்ஈடி. கவர் கழட்டித் துடைக்கிறவனுக்குத் தெரியும், முந்தி மாதிரிப் பூச்சி இல்ல. எங்கட தொழில்ல அதைச் சந்தோசமாத்தான் சொல்லுவோம், துடைக்கிற வேலை மிச்சம்.

பழைய_விலங்கியல்_டீச்சர் | யூன் 14, மாலை 6.15

ஃபவாஸ் நானா, நீங்கள் சொன்னதை அப்படியே சுவீடனில் அளந்து வைத்திருக்கிறார்கள்.

யென்ஸ் ரீடெல் என்று ஒரு சுவீடன் ஆய்வாளர், இந்த வடபுல வௌவாலோடேயே காலம் கழித்தவர், 2021இல் காலமானார். 27 கிலோமீற்றர் வீதி ஒன்றைத் தெரிந்து, 1988 முதல் 1990 வரை கிழமைக்கு ஒருமுறை வௌவால் சத்தம் பிடிக்கும் கருவியோடு போய்க் கணக்கெடுத்தார்கள். பிறகு 2016இலும் 2017இலும் அதே வீதி, அதே முறை. நடுவில் மாறியது ஒன்று: வீதியில் விளக்குள்ள துண்டுகளில் மெர்க்குரியைக் கழற்றிச் சோடியம் போட்டிருந்தார்கள். விளக்கில்லாத துண்டுகளில் வௌவால் 59 வீதம் குறைந்திருந்தது. விளக்குள்ள துண்டுகளில் 85 வீதம்.

மெர்க்குரி விளக்கு இந்த வௌவாலுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. அந்துப்பூச்சிகள் சிலவற்றுக்குக் காது உண்டு, வௌவால் சத்தம் கேட்டவுடன் சுருண்டு கீழே விழுந்து தப்பும். மெர்க்குரி வெளிச்சத்தில் அந்தப் புத்தி வேலை செய்யாமல் போகிறது, வௌவாலுக்கு வாரி எடுத்த மாதிரி. கடை மூடிய பிறகு 85.

நேர்ப்பேச்சு | யூன் 14, இரவு 7.20

அப்ப மெர்க்குரியைத் திரும்பப் பூட்டுவமோ? பாதரசத்தோட?

பழைய_விலங்கியல்_டீச்சர் | யூன் 14, இரவு 8.00

இல்லை. விளக்கே இல்லாத துண்டிலும் பாதிக்கு மேல் போய்விட்டதே, அதற்கு விளக்கு மாறியதைக் காரணம் சொல்ல முடியாது. எனக்கு 85ஐ விட அந்த 59தான் உறுத்துகிறது. கடை மூடியதற்கு வீட்டுச் சோறு இருந்திருக்க வேண்டும், அது இல்லை.

அதோடு, ஒரு வௌவாலுக்கு ஆகும் வெளிச்சம் இன்னொன்றுக்கு ஆகாது. வடபுல வௌவால் வேகமாக, உயரத்தில், திறந்த வெளியில் பறப்பது. அதே சுவீடனில் நீள்காது வௌவால் என்று ஒன்று, மெதுவாக மரங்களுக்குள் பறப்பது, கிராமத்துத் தேவாலயங்களின் முகட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 1980களில் பார்த்த தேவாலயங்களை 2016இல் திரும்பப் பார்த்தபோது, வடிவுக்காகக் கோபுரத்துக்கு விளக்கடித்த பல இடங்களில் கூட்டம் இல்லாமல் போயிருந்தது. நாலு பக்கமும் வெளிச்சம் அடித்தால் வாசலே இல்லாமல் போகிறது. ஒரு பக்கம் இருட்டாக விட்ட தேவாலயத்தில் இன்னும் இருக்கிறது.

நம் கோயில் கோபுரத்துக்கும் இப்போது இரவு முழுவதும் நிறம் மாறும் விளக்கு. அதில் குடியிருந்ததை யாரும் எண்ணி வைத்ததில்லை, ஆகவே போனதும் தெரியாது.

ஸ்காபரோ_சிவா | யூன் 15, காலை 6.40

பழைய பம்பலப்பிட்டிக்காரன், இப்ப கனடா. இஞ்சத்தைய கதையும் சொல்லவேணும். 2006 மாரியில நியூயோர்க் மாநிலத்தில ஒரு குகையில, நித்திரை கொள்ளுற வௌவால்களின்ர மூக்கில மாவு பூசின மாதிரி வெள்ளைப் பூஞ்சணம் கண்டவங்கள். வெள்ளைமூக்கு நோய். குளிரில வளருற பூஞ்சணம். வௌவால் உடம்பைக் குளிர விட்டுக் கிடக்கேக்கதான் அது ஏறும். தோலை அரிக்க வௌவால் திரும்பத் திரும்ப முழிக்கும், மாரிக்கெண்டு வச்சிருந்த கொழுப்பு பாதியிலயே முடியும், பிறகு பனிக்குள்ள பூச்சி தேடிப் பறந்து சாகும். லட்சக்கணக்கில போட்டுது. கனடாவில மூண்டு இனத்தை 2014இல அழிவு ஆபத்துப் பட்டியலில போட்டாச்சு.

ஐரோப்பாவில அதே பூஞ்சணம் இருக்கு, ஆனால் அங்கத்தைய வௌவால் அதோட வாழப் பழகினது. அங்க இருந்து ஆற்றையோ சப்பாத்தில ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் எண்டுதான் சந்தேகம். ஆகையால அண்ணா இஞ்ச வாற எண்ணமெண்டால் குகைச் சப்பாத்தை அங்கேயே விட்டிட்டு வரட்டும்.

பழைய_விலங்கியல்_டீச்சர் | யூன் 15, மாலை 6.30

சிவா சொன்னதில் அந்த விழிப்பைக் கவனியுங்கள். நோயில்லாத வௌவாலும் மாரியில் இடைக்கிடை விழிக்கும், கொழுப்பில் பெரும்பங்கு அந்தச் சில விழிப்புகளுக்குத்தான் செலவாகும். உறக்கம் மலிவு, எழும்புவதுதான் விலை. குளிர் நிலவறையில் ரோச் லைட்டோடு வேடிக்கை பார்க்கப் போகிற ஒரு ஆள் ஒரு கிழமைச் சாப்பாட்டைப் பறித்துவிட்டு வரலாம், அவருக்கே தெரியாமல்.

அலாஸ்காவின் தென்கிழக்கில் வௌவால்களுக்குச் சிறிய அலைபரப்பி ஒட்டித் தேடினார்கள். பெரிய குகைகளில் இல்லை. மலைச்சரிவில் குவிந்த கற்களின் இடுக்கிலும், மரவேருக்குக் கீழேயும், ஒன்றிரண்டாகக் கிடந்தன. கூட்டமாக இல்லாததால் வெள்ளைமூக்கு நோய் அங்கே பரவுவது கடினம் என்று ஒரு நம்பிக்கை.

இவ்வளவு கஷ்டத்துக்கும் இவை சீக்கிரம் சாகிற பிராணிகள் இல்லை. சைபீரியாவில் வளையம் மாட்டி விட்ட பிராண்ட் வௌவால் ஒன்று 41 வருடம் கழித்து உயிரோடு பிடிபட்டது. எடை ஏழு கிராம். அதே எடையுள்ள சுண்டெலி இரண்டு வருடம் இருந்தால் பெரிது. வருடம் ஒரு குட்டி, அதனால் நீண்ட ஆயுள். ஒரு கூட்டத்தை ஒருமுறை அழித்தால் அது மீள நம் பேரப்பிள்ளைகள் காலமாகும்.

கொட்டாஞ்சேனை_ரவி | யூன் 15, இரவு 7.00

41 வருசமா? ஏழு கிராமா? எங்க வீட்டுப் பிரிட்ஜ் வாங்கி அஞ்சு வருசந்தான்.

நிர்வாகி | யூன் 16

கோபுர விளக்கு பற்றிய ஒன்பது பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். கோயில் சபை ஆட்களை இங்கே திட்ட வேண்டாம்.

வாணி_வெள்ளவத்தை | யூலை 19, இரவு 9.25

கனநாளைக்குப் பிறகு வாறன். அண்ணாவுக்கு இப்ப வேற வேலை இல்லை. எத்தினை வௌவால் வெளிக்கிடுதெண்டு எண்ணுறதுக்கு ஒவ்வொரு இரவும் முத்தத்தில கதிரையைப் போட்டு, தலைக்கு நுளம்பு வலையும் போட்டு, ஒரு போத்தல் பிளேன்ரீயோட பன்னிரண்டு மணிக்குக் குந்துறார். சூரியன் எதிர் மலைக்குப் பின்னால போனாப் பிறகுதான் முதலாவது வருமாம். ஒருநாள் 17, ஒருநாள் 19. மழைக்குளிர் நாளில 4. ஓட்டைக்குக் கீழ காதை வச்சால் உள்ளுக்க மெல்லிசாக் கிச்சு கிச்சு எண்டு கேக்குதாம், அது குட்டிகளா?

பழைய_விலங்கியல்_டீச்சர் | யூலை 20, காலை 6.10

குட்டிகள்தான். இன்னும் சில நாளில் எண்ணிக்கை திடீரென்று ஏறும். அது குட்டி பறக்கிற நாள். அன்றைய திகதியை எழுதி வைக்கச் சொல்லுங்கள், அடுத்த வருடம் தேவைப்படும்.

வாணி_வெள்ளவத்தை | ஓகஸ்ட் 16, இரவு 8.50

ஓகஸ்ட் 3இல 31!

ஆனால் இந்தக் கிழமை ஒரு சிக்கல். அங்க இப்ப இருட்டு வரத் தொடங்கியிட்டுது. அண்ணி வாசலுக்கு மேல ஆள் நடமாடினால் எரியுற எல்ஈடி லைட் ஒண்டு பூட்டினவ. கோடையில அது எரிஞ்சதே தெரியாது. இப்ப அண்ணா கதிரையைத் தூக்கிக்கொண்டு போகேக்கயே பளிச்செண்டு எரியுது, நேர ஓட்டைக்கு. வௌவால் வாசல் வரைக்கும் வந்து, மூஞ்சையை நீட்டிப் பாத்திட்டு உள்ளுக்கப் போகுதாம். அரை மணித்தியாலம் ஒண்டும் வெளிக்கிடேல்லை.

ஃபவாஸ்_வயர்மேன் | ஓகஸ்ட் 16, இரவு 9.15

சென்சர்ல சின்னத் திருகாணி ரெண்டு இருக்கும், ஒண்டு நேரத்துக்கு, ஒண்டு தூரத்துக்கு. தூரத்தைக் குறைக்கச் சொல்லுங்க. தலைய நிலத்தைப் பாக்கத் திருப்பிட்டு, மேல் பக்கம் தகரத் துண்டு ஒண்டை மறைப்பா வெச்சாச் சரி. அஞ்சு நிமிச வேலை.

வாணி_வெள்ளவத்தை | ஓகஸ்ட் 18, இரவு 10.05

நன்றி நானா. தகரம் இல்லையெண்டு மீன் கொம்பனியில குடுத்த பழைய தொப்பியை லைட்டுக்கு மேல கவிட்டுக் கட்டியிருக்கிறார். படம் அனுப்பினவர், லைட் வேலைக்குப் போற ஆள் மாதிரி நிக்குது. நேற்று 26 வெளிக்கிட்டதாம்.

நேர்ப்பேச்சு | ஓகஸ்ட் 18, இரவு 10.20

அப்ப ஓட்டை? எல்லாம் போனாப் பிறகு அடைக்கிறதோ இல்லையோ?

வாணி_வெள்ளவத்தை | ஓகஸ்ட் 18, இரவு 10.31

அடுத்த வருசமும் எண்ணவேணுமாம். நுரை டப்பாவில திகதி முடியுதெண்டு அண்ணி கத்திக்கொண்டிருக்கிறா. அண்ணா இன்னும் அவவுக்குச் சொல்லேல்லை.